சைக்ளோஸ்டைல் தேடிப் போனவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அறிவியல் புனைகதை பற்றிய உங்கள் கட்டுரையில் ஆர்தர் கிளார்க்கைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் வால்ட் வில்லிஸ் என்று இன்னொரு பெயரையும் சொல்லியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் அரசு வேலை பார்த்தவர், அறிவியல் புனைகதை ரசிகர் என்று கிடைத்தது. பெயர் சொல்லும்படி ஒரு அறிவியல் புனைகதை நாவல் கூட இல்லை. ஆனால் 1958இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதைக் கொடுத்திருக்கிறார்கள். வெறும் ரசிகருக்கு எதற்கு விருது? கடிதம் எழுதுகிற வாசகிக்கும் உண்டு என்றால் நானும் வரிசையில் நிற்கிறேன். இது நம்மூர் ரசிகர் மன்றம் மாதிரியா?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

வரிசையில் நில்லுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் இந்தக் கடிதத்தை நீங்களே ஈய எழுத்தில் கோர்த்து, மை தடவி, தாள் தாளாக அடித்து, தைத்து, தபால்தலை ஒட்டி, கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வில்லிஸ் அதைத்தான் செய்தார்.

ரசிகர் மன்றம் இல்லை. மன்றம் என்றால் நடுவில் ஒரு நட்சத்திரம் வேண்டும். இங்கே அப்படி யாரும் கிடையாது. அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகைகள் வாசகர் கடிதத்தோடு முகவரியையும் முழுசாகப் போட்டன. ஒருவர் கடிதத்தைப் பார்த்து இன்னொருவர் நேராக அவருக்கே எழுதினார். எல்லாம் அங்கே தொடங்கியதுதான். ஆக, உங்களைப் போலக் கடிதம் எழுதியவர்கள் சேர்ந்து கட்டிய உலகம் அது.

போர் முடிந்த பிரிட்டனில் டாலர் பஞ்சம். அமெரிக்கப் பத்திரிகைகளைக் காசு கொடுத்து வரவழைக்க வழியில்லை. பக்கம் குறைத்த பிரிட்டிஷ் மறுபதிப்புகள்தான் கடையில் கிடைக்கும். கென் ஸ்லேட்டர் என்ற ராணுவக்காரர் 'ஆபரேஷன் ஃபேன்டாஸ்ட்' என்று ஒரு ஏற்பாடு செய்தார். பிரிட்டனிலிருந்து புத்தகம் போகும், அமெரிக்காவிலிருந்து பத்திரிகை வரும். சுத்தமான பண்டமாற்று. லண்டனில் இருந்தவர்கள் வியாழக்கிழமை மாலைகளில் ஃபெட்டர் லேனில் 'ஒயிட் ஹார்ஸ்' என்ற மதுக்கடையில் கூடினார்கள். 1956இல் இலங்கைக்குக் குடிபோன கிளார்க்கும் அதற்கு முன் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1953இல் கடைக்காரர் ஹட்டன் கார்டனில் இன்னொரு கடைக்கு மாறியபோது கூட்டமும் அவர் பின்னாலேயே போய்விட்டது.

வில்லிஸுக்கு அந்த வியாழக்கிழமைகள் கிடையாது. பெல்பாஸ்டுக்கும் லண்டனுக்கும் நடுவே கடல். பேச வேண்டியதை எல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும். அவரை எழுத்தாளராக்கியது இந்தத் தூரம்தான் என்பது என் எண்ணம். பக்கத்துத் தெருவில் மதுக்கடை இருந்திருந்தால் நன்றாகப் பேசுகிற மனிதராகவே இருந்துவிட்டுப் போயிருப்பார்.

1948இல் 'ஸ்லாண்ட்' என்ற இதழைத் தொடங்கினார். அன்றைக்கு ரசிகர்கள் தாங்களே நடத்தும் இதழ் என்றால், மெழுகுத் தாளில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் என்ற நகல் இயந்திரத்தில் உருட்டுவதுதான் வழக்கம். இவர் கைக்குக் கிடைத்ததோ ஒரு சின்னக் கையச்சு இயந்திரம். வரி வரியாகக் கோர்த்து, பக்கத்தை முடுக்கி, அடித்து முடித்ததும் ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து அதனதன் குழியில் போட வேண்டும். அப்புறம்தான் அந்த எழுத்து அடுத்த பக்கத்துக்கு வரும். எனக்கு இது கொஞ்சம் தெரியும். இளம் வயதில் புரூஃப் திருத்த ஒரு அச்சகத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர், வரி கோர்க்கிற ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இந்த வரியில ஒரு வார்த்தை எடுத்துடலாமா?" என்பார். பெரும்பாலும் எடுத்துவிடலாம். எடுத்தால் வரி நன்றாகவே இருக்கும். வில்லிஸ் எழுதுகிறவரும் அவரே, கம்பாசிட்டரும் அவரே. அவர் உரைநடையில் ஊளைச்சதை இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

'ஸ்லாண்ட்'டுக்குப் படங்களைக் கையால் செதுக்கிக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஒயிட். தையல் துணிக் கடையில் வேலை. பின்னாளில் விண்வெளியில் ஒரு மாபெரும் மருத்துவமனையை வைத்து, 'செக்டர் ஜெனரல்' என்று வரிசையாகக் கதைகள் எழுதினாரே, அவர்தான். கூட வந்து சேர்ந்த இன்னொருவர் பாப் ஷா. ஒளி கடந்து போக வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் கண்ணாடியைக் கற்பனை செய்து 1966இல் ஒரு சிறுகதை எழுதினார். அந்த ஒரு கதைக்காகவே அவரைப் படிக்கலாம்.

அப்பர் நியூடவுனார்ட்ஸ் சாலை 170ஆம் எண் வீட்டு மச்சில் இவர்கள் 'கூட்மின்டன்' என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். இறகுப்பந்துதான், ஆனால் மட்டைக்குப் பதில் கெட்டி அட்டை. ஒயிட் கத்தோலிக்கர். பின்னால் வந்து சேர்ந்த ஜான் பெர்ரி, புராட்டஸ்டன்ட்களே அதிகம் இருந்த அல்ஸ்டர் போலீஸ்காரர். பெல்பாஸ்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு, இந்த இரண்டு பேரும் ஒரே மச்சில் வியர்க்க வியர்க்க அட்டையை வீசிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

1952இல் இரண்டு காரியம் நடந்தது. வில்லிஸ் 'ஹைபன்' என்ற அடுத்த இதழைத் தொடங்கினார், இந்த முறை சைக்ளோஸ்டைலில். அதன் பின்னட்டையில் யார் யாரோ பேசியது, எழுதியது எல்லாம் முன்பின் இல்லாமல் ஒற்றை வரிகளாக வரும். பலர் இதழைப் பின்னாலிருந்துதான் பிரித்திருப்பார்கள். இரண்டாவது, அமெரிக்க ரசிகர்கள் சில்லறை சில்லறையாகப் பணம் சேர்த்து அவரை சிகாகோவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வரவழைத்தார்கள். முன்னின்றவர் ஃபுளோரிடாவின் ஷெல்பி விக். யோசித்துப் பாருங்கள், முகம் பார்க்காத மனிதருக்கு, எழுத்தை மட்டும் நம்பி டிக்கெட்! வில்லிஸ் போய்வந்து 'தி ஹார்ப் ஸ்டேட்சைட்' என்ற பயணநூலை எழுதினார். அந்த வசூலைப் பார்த்துப் பிறந்ததுதான் அட்லாண்டிக்கின் இரு கரை ரசிகர்களும் வாக்களித்து ஒருவரை அக்கரைக்கு அனுப்பும் 'டாஃப்' நிதி. அது இன்றும் நடக்கிறது.

1954இல் ஷாவும் வில்லிஸும் சேர்ந்து எழுதியது 'தி என்சான்டட் டூப்ளிகேட்டர்'. ஜோஃபன் என்ற இளைஞன், குறையே இல்லாத இதழை அச்சிட்டுத் தரும் மந்திர சைக்ளோஸ்டைலைத் தேடிப் போகிறான். காடு, மலை, வழியெல்லாம் ஏமாற்றுக்காரர்கள். கடைசியில் அவன் கண்டடைவது துருப்பிடித்த ஒரு பழைய இயந்திரம். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல மாட்டேன். கைப்பிடியை யார் சுற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உருவகக் கதை என்றாலே எனக்குக் கொட்டாவி வரும், இதில் வரவில்லை. காரணம், எழுதிய இரண்டு பேருக்கும் மை படிந்த விரல் எப்படி இருக்கும் என்று தெரியும்.

பயணநூல், ஜோஃபன் கதை இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பயணநூலை முதலில் படியுங்கள். ஜோஃபன் கதையில் உள்கேலிகள் அதிகம், முதல் வாசிப்பில் பாதி நழுவிவிடும். படித்துவிட்டு எழுதுங்கள். முகவரியோடு எழுதினாலும் போடமாட்டேன், காலம் அப்படி.