ஆல்டர் இலையை அரிப்பது எது? கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஆல்டர் மரத்தில் நீலமாக மினுங்கும் வண்டுகளும் கரும்புழுக்களும் சேர்ந்தே இருக்கின்றன. இவை இரு வேறு பூச்சிகளா?

பதில்: பெரும்பாலும் ஒரே பூச்சியின் இரு பருவங்கள்தாம். ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஆல்டர் இலைவண்டு (அகெலாஸ்டிகா அல்னி) 6 முதல் 7 மி.மீ. நீளமுடையது. குளிர்காலத்தை மண்ணிலும் சருகிலும் கழித்து, வசந்தத்தில் மரமேறி இலைகளில் துளையிட்டுத் தின்னும். பின்னர் இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் நரம்புகளை விட்டுவிட்டுப் பசும்பகுதியை மட்டும் சுரண்டுவதால், இலை சல்லடையாகிப் பழுப்பேறிக் காய்கிறது. வட அமெரிக்க ஆல்டர்களில் ஆல்டிகா என்னும் தெள்ளு வண்டும் இதே வகைச் சேதத்தைச் செய்யும். ஐயம் இருந்தால் வண்டை மெல்லத் தொட்டுப் பாருங்கள். தெள்ளு வண்டு துள்ளிக் குதிக்கும், அகெலாஸ்டிகா குதிக்காது.

கேள்வி: இலை விளிம்பில் வரிசையாக நின்று தின்னும் புழுக்களுக்கு பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்னும் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்தும் பயனில்லை. ஏன்?

பதில்: அவை அந்துப்பூச்சிப் புழுக்களாக இல்லாமல் ரம்ப ஈயின் (குளவிக்கு உறவான பூச்சி) புழுக்களாக இருக்கக்கூடும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் குர்ஸ்டாகி வகை பி.டி., பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனங்களின் புழுக்களையே தாக்கும். ஆகவே தெளிப்பதற்கு முன் உருப்பெருக்கியால் கால்களை எண்ண வேண்டும். முன்னுடலில் உள்ள மூன்று இணை உண்மைக் கால்களுக்குப் பின்னே சதைப்பற்றான பொய்க்கால்கள் ஐந்து இணையோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அந்துப்பூச்சி. ஆறு இணையோ அதற்கு மேலோ இருந்தால் ரம்ப ஈ. பொய்க்கால்களே இல்லையென்றால் இலைவண்டின் புழு. நிறம் வளர்ச்சியோடு மாறும் என்பதால் அதை மட்டும் நான் நம்புவதில்லை.

கேள்வி: வெள்ளைப் பஞ்சு போர்த்தியவை என்ன?

பதில்: இலையில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நரம்புகளுக்கு இடையே தின்னப்பட்டு, பஞ்சைத் துடைத்ததும் வெளிர்பச்சைப் புழு தெரிந்தால், அது எரியோகாம்பா ஒவாட்டா என்னும் ரம்ப ஈ. கடைசிப் பருவத்தில் இந்தப் பஞ்சு தானாகவே நீங்கிவிடும். கிளைகளில் கும்பலாக ஒட்டி, பிசுபிசுப்பான தேன்கழிவைச் சொட்டுபவை அசுவினிகள். அவை சாறு உறிஞ்சுமேயன்றி இலையைக் கடித்துத் தின்பதில்லை.

கேள்வி: மருந்து அவசியமா?

பதில்: வளர்ந்த, நலமான மரத்திற்குப் பொதுவாகத் தேவையில்லை, இலையிழந்தாலும் மீண்டும் துளிர்க்கும். ஆல்டர் பெரும்பாலும் நீரோரத்தில் வளர்வதால், பூச்சிக்கொல்லி நீரில் கலக்கும் அபாயமும் உண்டு. இளங்கன்றுகளில் மட்டும் முட்டைக் கூட்டங்கள் உள்ள இலைகளைக் கிள்ளி அழித்தால் போதும்.