சாட்டா 1, 2, 3: எது எதோடு சேரும்?

கேள்வி: டிரைவைக் கணினியோடு இணைக்கும் சாட்டா 3-இன் வேகம் நொடிக்கு 6 ஜிகாபிட். அதை எட்டால் வகுத்தால் 750 வருகிறது. எல்லோரும் 600 எம்பி என்கிறார்களே?

பதில்: பத்தால் வகுங்கள். ஒவ்வொரு 8 பிட்டும் கம்பியில் 10 பிட்டாகத்தான் போகிறது. அதனால் சாட்டா 1, 2, 3-க்கு நொடிக்கு 150, 300, 600 எம்பி. அதுவும் உச்சவரம்புதான். சுழலும் தட்டு இல்லாத நல்ல எஸ்எஸ்டி டிரைவிலும் 550 வாக்கில்தான் கைக்கு வரும்.

கேள்வி: என் மதர்போர்டில் சாட்டா 2 மட்டுமே. புது எஸ்எஸ்டி வாங்கினால் வீணா?

பதில்: வீணில்லை. இரண்டுக்கும் பொதுவான வேகத்தில் ஓடும். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது 270, 280-இல் முட்டி நிற்கும், அவ்வளவே. விண்டோஸ் திறப்பதெல்லாம் சின்னச் சின்ன வாசிப்புகள். அங்கே இந்த வரம்பு உறைக்காது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் சாட்டா முறை ஐடிஇ என்ற பழைய வகையில் இருந்தால்தான் கவலை, பல கட்டளைகளை வரிசைப்படுத்தி முடிக்கும் என்சிக்யூ வேலை செய்யாது. ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் போட்டிருந்தால், அடுத்த பூட் சேஃப் மோடில் வரும்படி வைத்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீலத்திரைதான்.

கேள்வி: டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'சாட்டா/300 | சாட்டா/600' என்று காட்டுகிறது. சாட்டா 3 கேபிள் வாங்கணுமா சார்?

பதில்: முதல் எண் இப்போது ஓடும் வேகம், அடுத்தது டிரைவால் முடிந்தது. கேபிளுக்கு முன்னால் போர்ட்டைப் பாருங்கள். இன்டெல் பி67, எச்67 சிப்செட்டில் ஆறு போர்ட்டில் 0, 1 மட்டுமே 6 ஜிகாபிட். சாட்டா 3-க்கென்று தனிக் கேபிள் கிடையாது, அட்டையில் அப்படி அச்சடித்து விற்கிறார்கள். ஒரு மீட்டருக்குள், இறுக்கமாக உட்காரும் கேபிள் போதும். அதே மென்பொருள் காட்டும் ஸ்மார்ட் பட்டியலில் (டிரைவ் தன் நலனைப் பற்றி வைக்கும் கணக்கு) சி7 என்ற சிஆர்சி பிழை, அதாவது கம்பியில் தரவு சிதைந்த எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனால் மட்டும் கேபிளை மாற்றுங்கள். மாற்றினாலும் பழைய எண்ணிக்கை குறையாது. மேலே ஏறாமல் நின்றால் சரி.

கேள்வி: யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க், கணினியில் மாட்டினால் சுழலவே இல்லை. செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சாட்டா 3.3 என்ற பதிப்பில் மின் இணைப்பின் 3-ஆவது பின்னுக்கு டிரைவை அணைக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். பழைய பவர் சப்ளை அதே பின்னில் 3.3 வோல்ட் தருவதால் டிரைவ் அணைந்தே கிடக்கும். டிரைவின் மின் இணைப்பில், டேட்டா இணைப்பின் பக்கத்திலிருந்து எண்ணி முதல் மூன்று பின்களைக் காப்டன் டேப்பால் (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) மூடுங்கள். பழைய நாலு பின் மோலெக்ஸ் மின் இணைப்பைச் சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டரும் உதவும், அதில் 3.3 வோல்ட்டே இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ரகம் வேண்டாம், உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

கேள்வி: சாட்டா 1 போர்டில் புது டிரைவ் தெரியவில்லை.

பதில்: வியா விடி8237 சிப் என்றால் 3 ஜிகாபிட் (சாட்டா 2) டிரைவோடு ஒத்துப்போகாது. டிரைவில் வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்கு (சாட்டா 1) இறக்கும் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் துண்டு) இருந்தால் போடுங்கள்.