கடற்பாசித் திரவம்: மாடித் தோட்டக்காரர்கள் கேட்டவை

கடற்பாசியிலிருந்து எடுத்துப் போத்தலில் விற்கும், செடிக்குத் தெளிக்கிற திரவம் பற்றி, கொழும்பில் மொட்டைமாடியிலும் பல்கனியிலும் மரக்கறி வைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தெஹிவளை: கத்தரியின் அடி இலைகள் மஞ்சளாகின்றன. கடற்பாசித் திரவம் இரண்டு தடவை தெளித்தும் மாற்றமில்லை. அளவைக் கூட்டட்டுமா அண்ணை?

வேண்டாம் தங்கச்சி. அடி இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் நைதரசன் குறைவு. காய்ந்த கடற்பாசியிலேயே நைதரசன் சுமார் 1 வீதம்தான். அதிலிருந்து எடுத்த திரவத்தில் லீற்றருக்கு 2 மில்லி கரைத்தால் செடிக்கு என்ன மிஞ்சும்? சாடியில் வெறும் தும்புத்தூள் என்றால் இன்னும் மோசம். நன்றாக உக்கிய கூட்டெருவும் ஆட்டெருவும் போட்டு மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை: அப்படியென்றால் அது எதற்குத்தான்?

பசளை சாப்பாடு, இது டொனிக். சோறு போடாமல் டொனிக் மட்டும் கொடுத்தால் பிள்ளை வளருமா? ஆனால் சாப்பிடுகிற பிள்ளைக்கு உதவும். வேர் பிடிக்கவும், வெயில், உப்பு, தண்ணீர்க் குறைவு போன்றவற்றைத் தாங்கவும் துணைசெய்யும். முன்பு, பாசியில் உள்ள சைட்டோகைனின், ஒக்சின் போன்ற ஹோர்மோன்கள்தான் காரணம் என்றார்கள். போத்தலில் அவை இருப்பது மிகச் சொற்பம். பாசியின் மாச்சத்துகளும் அதிலுள்ள பீட்டெயின் என்ற பொருளும் செடியின் சொந்த ஹோர்மோன்களையே தூண்டிவிடுகின்றன என்பது இப்போது கூடுதலாக ஏற்கப்படும் விளக்கம். அதனால்தான் அளவு கூடினால் பலன் கூடாது, சிலவேளை வளர்ச்சி தடைப்படும்.

நான் செய்வது: நாற்று நடும்போது வேரை நனைப்பேன், பிறகு பூக்க முன்னம் ஒரு தடவை, பிஞ்சு பிடிக்கும்போது ஒரு தடவை. லீற்றருக்கு 2 அல்லது 3 மில்லி, அதிகாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. வடக்கே வளர்க்கும் கப்பாபைகஸ் சிவப்புப் பாசியின் சாறும் உண்டு, வட அத்திலாந்திக்கின் அஸ்கோபிலம் என்ற கபிலப் பாசித் திரவமும் உண்டு. இரண்டின் அளவும் ஒன்றல்ல, லேபிளைப் பாருங்கள்.

வெள்ளவத்தை: கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளிவந்து ஊறவைக்கலாமா?

நகரக் கரையில் கால்வாய்த் தண்ணீர் கலக்கிறது, நான் தொடமாட்டேன். சுத்தமான கரையில் கிடைத்தால் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தரம் அலசி, காய்ந்த சருகோடு கூட்டெருவில் போடுங்கள். வாளியில் ஊறவைத்தால் நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் வருவார்.

மருதானை: நோன்புக்கு வாங்கிய கடற்பாசி மிச்சம் இருக்கிறது. கரைத்து ஊற்றலாமா?

அது சுத்திகரித்த அகர், செடிக்கு வேண்டியவை அதில் போய்விட்டன. பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சுங்கள்.

மட்டக்குளி: 2021இல் பக்டீரியா என்று சொல்லி ஒரு சீனப் பசளைக் கப்பலை இறக்க விடவில்லையே. இதுவும் அப்படியா?

அங்கே வந்தது மொத்தமாக ஏற்றிய திடப் பசளை. மாதிரியில் உயிருள்ள தீய பக்டீரியா இருப்பதாகத்தான் பிரச்சினை. கடைத் திரவம் பெரும்பாலும் பொட்டாசியக் காரத்தில் பிரித்தெடுப்பது, கதை வேறு. நீங்கள் பார்க்கவேண்டியது யூரியா கலந்திருக்கிறதா என்பதை. கலந்திருந்தால் அது சேதனம் இல்லை.

பம்பலப்பிட்டி: வேப்பெண்ணெயோடு சேர்த்து அடித்தால் ஒரே வேலையாகுமே?

சேர்க்காதீர்கள். இந்தத் திரவத்தின் காரத்தன்மையில், வேம்பில் பூச்சியை விரட்டும் அசாடிரக்டின் என்ற பொருள் சிதைந்துவிடும். மூன்று நாள் இடைவெளி விடுங்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டும் வாரங்களில் இரண்டையும் விட்டுவிடலாம், காசு தண்ணீரோடு போகும்.