நானோ துகளுக்கு யார் பொறுப்பு? வழக்கறிஞரின் பதில்கள்

நுகர்வோர், சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்துகிறேன். மருத்துவ ஐயங்களுக்கு மருத்துவரை நாடுங்கள்.

நானோ சன்ஸ்கிரீன் (மிக நுண்ணிய துகள் கலந்த வெயில் காப்புக் கிரீம்) பூசியதும் முகம் தடித்துவிட்டது ஐயா. வழக்குத் தொடரலாமா?

தொடரலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆவது பிரிவில் தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை இல்லாமை, எது பொருந்தினாலும் வழி உண்டு. ஆனால் தடிப்பு அந்தக் கிரீமால்தான் வந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். டியூபையும் பில்லையும் எறியாதீர்கள்.

சன்ஸ்கிரீனில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பா தடை செய்துவிட்டதே, அந்த ஒரு ஆதாரம் போதாதா?

போதாது. தடை, அதே பொருள் உணவு நிறமியாகச் சேரும்போது, அதாவது ஈ171க்கு. அதில் ஒரு பகுதி நானோ அளவுத் துகள். மரபணுவைப் பாதிக்காது என்று உறுதி சொல்ல முடியவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் கூறியது. 2022இல் தடை வந்தது. பாதிப்பு நிரூபிக்கப்பட்டது என்று அது சொல்லவில்லை. இதே பொருளின் தூளை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரக்கூடும் என்ற வகைப்பாட்டையோ ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. 2025இல் மேல்முறையீடும் தோற்றது. தடை போட ஐயம் போதும். இழப்பீடு வாங்க அது போதாது.

நானோ சன்ஸ்கிரீன் பாதுகாப்பானதா?

தோல் மருத்துவரைக் கேளுங்கள். இன்று மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

1996 வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் நிரூபிக்கும் சுமையை ஆலையின் மீதல்லவா உச்ச நீதிமன்றம் வைத்தது? ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, அது ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் பேசிய தீர்ப்பு. ஐயம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்ற அந்த முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆவது பிரிவும் ஏற்கிறது. நானோ கழிவு ஆற்றில் கலந்தால் சென்னையிலுள்ள அந்தத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போங்கள், நானும் வருகிறேன். முகக் கிரீமுக்கு அந்தக் கதவு திறக்காது.

ஓலியம் கசிவு வழக்கு? அதில் முழுப் பொறுப்பு அல்லவா?

விடமாட்டீர்கள் போலிருக்கிறது! 1985 டிசம்பரில் டெல்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் என்ற கந்தக அமில வகை கசிந்தது. ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. நானோ தூள் ஆலை வெடித்தால் அதை வைத்து வாதிடலாம். கடையில் விற்ற டியூபுக்கு 84ஆவது பிரிவுதான்.

பத்து ஆண்டு கழித்து நோய் வந்தால்?

இதுதான் நல்ல கேள்வி. நம் சட்டத்தில் வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம். எந்த நாளில் காரணம் எழுந்தது என்பதிலேயே எதிர்த்தரப்பு மல்லுக்கட்டும். ஐரோப்பாவின் புதிய பொறுப்புச் சட்டம், மெதுவாக வெளிப்படும் நோய்க்கு 25 ஆண்டுவரை இடம் தருகிறது. 2026 டிசம்பர் 9க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களுக்கு அது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

டியூபில் 'நானோ' இல்லை, விளம்பரத்தில் மட்டும் இருக்கிறது.

விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். வெளிப்படையாகத் தந்த உறுதிமொழியைப் பொருள் காப்பாற்றாவிட்டால் அதே 84ஆவது பிரிவு பாயும்.

டியூபை எறிந்துவிட்டேன் ஐயா, பில்லும் இல்லை.

யுபிஐயில் பணம் கொடுத்தீர்களா? வங்கிக் கணக்கைத் திறந்து தேதியைப் பாருங்கள்.