பெங்களூர் மாநாட்டுக்குப் போகலாமா?

அண்ணா, வணக்கம்.

சிறு கடைகளுக்குத் தமிழில் பில் போடும் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றியும் எழுதலாம்) ஒன்றை நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து எழுதி வருகிறோம். குடியாத்தத்தில் லுங்கிக் கடை, மளிகைக் கடை என்று பதினோரு இடங்களில் ஓடுகிறது. நன்கொடையாக வந்ததில் 38,000 ரூபாய் கையிருப்பு இருக்கிறது. அடுத்த மாதம் பெங்களூரில் நடக்கும் கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு இரண்டு பேர் போய்வர 9,000 ஆகும். 'பேச்செல்லாம் வீடியோவாக வந்துவிடும், பணத்தைச் சர்வருக்கு வைப்போம்' என்கிறான் ஒருவன். 'நாலு பேரைப் பார்த்தால்தானே நாலு விஷயம் தெரியும்' என்கிறான் இன்னொருவன். இதற்கிடையில், ரசீது பிரின்டரில் தமிழ் உடைந்து வருவதை ஐந்து மாதமாகச் சரிசெய்ய முடியவில்லை. அச்சிட நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரியை, அதாவது வேறு சிலர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, எழுதியவர்களும் பதில் போடவில்லை. மாநாட்டால் பயன் உண்டா? அதை எப்படிக் கணக்குப் போடுவது?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

சர்வருக்கு வைப்போம் என்கிற நண்பர் சொல்வதில் பாதி சரி. பேச்சைக் கேட்க மட்டும் என்றால் போக வேண்டாம். பிரசல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டின் பேச்சுகளையே வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். நான் முதன்முதலாக ஒரு மாநாட்டுக்குப் போனபோது இரண்டு நாளும் அரங்கத்தைவிட்டு நகரவில்லை. நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். அதனால் எங்கள் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை.

அடுத்த முறை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் தமிழில் மொழிபெயர்த்துவந்த ஓர் எடிட்டரில் (எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள்) 'கொடி' என்று தேடினால் சில கோப்புகளில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. எட்டு மாதம் மடல் எழுதினேன், படம் பிடித்தும் அனுப்பினேன். அதைப் பராமரித்தவருக்குத் தமிழ் தெரியாது. படத்தில் இருந்த இரண்டு சொல்லும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று பதில் போட்டார். அவர்மேல் குற்றமில்லை, என் கண்ணுக்கும் அவை ஒன்றுபோலத்தான் இருந்தன.

பெங்களூரில் டீ வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். மடிக்கணினியைத் திறந்து முதல் கோப்பில் 'கொ' எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டினேன். 'க' மிஞ்சியது. இரண்டாவது கோப்பில் அதே தட்டு. 'கெ' மிஞ்சியது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு யூனிகோடு. ஒரு கோப்பில் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே எழுத்தாக இருக்கிறது, மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கின்றன. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். நின்றபடியே எழுதிச் சேர்த்தார். எட்டு மாதம் இழுத்தது பத்து நிமிடத்தில் முடிந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அதுவரை ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு. அங்கே கூடிப் பேசியதில் கிடைத்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. அதே ஆண்டு தமிழக அரசும் அதை ஏற்றது. அங்கேயே முடிவான டாம், டாப் குறியீடுகள் யூனிகோடு பரவியதும் வழக்கொழிந்துவிட்டன. ஆனால் விசைப்பலகை நிலைத்தது, இந்தப் பதிலை அதில்தான் தட்டுகிறேன். அன்று யார் என்ன பேசினார்கள் என்று இன்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

பேச்சைவிடச் சேர்ந்து உட்கார்வதுதான் முக்கியம் என்பது டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2023 செப்டம்பரில் கொச்சியில் அவர்களுடைய ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் நடந்தபோது, அதற்கு முந்தைய வாரம் முழுக்க டெப்கேம்ப். சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கென்றே அந்த வாரம். பணம் இல்லாதவர்கள் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். பெங்களூர் மாநாட்டிலும் அப்படி உண்டா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரசீது பிரின்டர்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே தமிழ் எழுத்துரு இருக்காது. வரியைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும், அந்த இடத்தில்தான் எங்கேயோ உடைகிறது என்று நினைக்கிறேன். அந்த லைப்ரரியை எழுதியவர்கள் யாராவது பெங்களூர் வருகிறார்களா? இன்றைக்கே மடல் எழுதிக் கேளுங்கள். வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் போங்கள். அணியில் நன்றாகப் பேசுகிறவரை அனுப்புவது எல்லோரும் செய்கிற தப்பு. பிரின்டர் பகுதியை எழுதியவர்தான் போக வேண்டும். அவர் சங்கோஜப்படுகிறவர் என்றால் துணைக்கு இன்னொருவர் போகட்டும், அந்தச் செலவில் தவறில்லை.

கிளம்புவதற்கு முன் சிக்கிக் கிடக்கும் வேலைகளை ஒரே தாளில் எழுதுங்கள், ஐந்தாறு இருந்தால் போதும். மூன்று மாதம் கழித்து அதே தாளை நால்வரும் சேர்ந்து பாருங்கள். எத்தனை நகர்ந்திருக்கிறது என்பதோடு 9,000 ரூபாயை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். எத்தனை பேரிடம் நம்பர் வாங்கினோம், எத்தனை ஸ்டிக்கர் கிடைத்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. நன்கொடை கொடுத்த கடைக்காரர்களிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். கொடுத்தவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

லைப்ரரியை எழுதியவர்கள் வரவில்லை என்றால் பெங்களூரை இந்த வருடம் விட்டுவிடலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இதே மாதிரி வேலை பார்ப்பவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருவோம். மதியச் சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கே போனாலும் அந்த பிரின்டரைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். உடைந்து வந்த ரசீதைப் படம் எடுத்துக் காட்டினால் போதாது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்முன் அது அச்சாகி வெளியே வர வேண்டும். அப்புறம், அடாப்டரை மறந்துவிடாதீர்கள். பேப்பர் ரோல் இரண்டாகவே வையுங்கள்.