பஸ் காசுக்கு எந்த மானியம்?

கோயம்புத்தூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு வந்து ஐந்து மாதமான ஒரு தம்பி கேட்டிருந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியின் டூல் ரூம் பொறுப்பு அவருக்கு. அப்ரண்டிஸ் எடுக்கும்போது இந்தியப் பிள்ளைகள், பெண் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் என்று இதுவரை வராதவர்களைச் சேர்க்கச் சொல்கிறாராம் மேலாளர். அதற்கு என்ன மானியம் கிடைக்கும் என்பது கேள்வி. கூடவே, "அறிவிப்பு ஒட்டியும் தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. இங்குள்ள நம் ஆட்களுக்கு ஆர்வமே இல்லையா அக்கா?"

தம்பி, அந்தக் கடைசிக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். திருவெறும்பூரில் வளர்ந்தவள் நான். அப்பா ஃபிட்டர். அப்ரண்டிஸ் இடத்துக்கு ஐடிஐ பையன்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண். 2001இல் கல்யாணமாகி இங்கே வந்து, சில வருஷம் கழித்துப் பெருநிலத்தில் பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தேன். என் முதல் குழுவில் 12 இடம். நான்கு தமிழ்ப் பையன்கள் வந்தார்கள். ஆறாவது வாரம் மூன்று பேரைக் காணோம். "சோம்பேறிகள்" என்று வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் இங்குள்ள எஸ்டேட் தோட்டத்தில் பிறந்தவர். பதில் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றி, நின்றுபோன பையன்களில் ஒருவனின் வீட்டுக்கு, நிபோங் திபாலில் ஒரு அடுக்குமாடிக்கு, கூட்டிப் போனார்.

பையன் இல்லை. கார் கழுவும் கடைக்குப் போயிருந்தான். அவன் பாட்டிதான் பேசினாள். "அங்க அன்னன்னைக்குக் காசு கையில குடுக்குறாங்கம்மா. நீங்க ரெண்டு மாசம் கழிச்சுத் தர்றதுக்குள்ள இவன் எதுல பஸ் ஏறுவான்?" விசாரித்தால் உண்மைதான். மானியப் பணம் வந்த பிறகே அலவன்ஸ் என்று எங்கள் கணக்குப் பிரிவு நிறுத்தி வைத்திருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

சரி, மானியத்துக்கு வருகிறேன். நம் ஊரில் 2016இல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்கத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1500 ரூபாய் வரை, அரசு திருப்பிக் கொடுத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையே இங்கே தேடாதீர்கள். உங்களுக்கு முதல் வழி, எச்ஆர்டி கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டு அமைப்பு வசூலிக்கும் லெவி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் கம்பெனி, அவர்கள் சம்பளத்தில் ஒரு சதவீதம் மாதாமாதம் கட்டியாக வேண்டும். பயிற்சிச் செலவை அந்தக் கணக்கிலிருந்து திரும்பக் கேட்கலாம். பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். முடித்துவிட்டு ரசீதோடு போனால் பைசா வராது. அப்புறம், இது மலேசியக் குடிமக்களுக்கான பணம். வேலை பெர்மிட்டில் இருக்கும் நீங்களும் நம் ஊரிலிருந்து வந்த மற்றவர்களும் இதில் சேர முடியாது.

பயிற்சியை எஸ்எல்டிஎன் என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் அமையுங்கள். ஜெர்மன்காரர்கள் பாணியை ஒட்டி 2005இல் தொடங்கியது. எழுபது எண்பது சதவீதம் பட்டறையில், மீதி வகுப்பில். முடித்தால் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வின் சான்றிதழ் கையில் இல்லாத பிள்ளையும் எஸ்கேஎம் முதல் நிலையில் நுழையலாம் என்பது. மலாயும் சரித்திரமும் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே இல்லை. அந்த இரண்டில் ஒன்றில் விழுந்துவிட்டு, கை வேலையில் கெட்டிக்காரனாக இருக்கும் பையன்கள் பெருநிலப் பகுதியான செபராங் பிறை முழுக்க இருக்கிறார்கள்.

இங்குள்ள இந்தியச் சமூகத்துக்கான அரசுப் பிரிவான மித்ராவும் உண்டு. 2018இல் செடிக் என்ற பழைய பிரிவின் இடத்தில் வந்தது. இந்தியர்களுக்கென்று வருஷம் 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்குகிறார்கள். ஆனால் விண்ணப்பம் திறக்கும்போதுதான் திறக்கும். அதை நம்பி உங்கள் ஆள் எடுக்கும் தேதியைக் குறிக்காதீர்கள். பிடிபிகே என்ற திறன் பயிற்சி நிதியை யாராவது சொன்னால் அது கடன். மானியம் என்று பெற்றோரிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். பின்னால் நோட்டீஸ் வரும்போது உங்கள் பெயர்தான் கெடும்.

இவற்றில் எதுவும் பாட்டி கேட்ட பஸ் காசைத் தராது. பணம் பெரும்பாலும் பயிற்சி நிலையத்துக்கும் கட்டணத்துக்கும் போய்விடும். அதனால் கம்பெனியின் சொந்தப் பணத்தில் முதல் இரண்டு மாதத்துக்கு வாரக் கூலி போலக் கையில் கொடுக்கும்படி மேலாளரிடம் போராடுங்கள். எங்கள் கம்பெனி ஒத்துக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. அடுத்த குழுவில் ஐந்து தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள், நான்கு பேர் முடித்தார்கள்.

உங்கள் கம்பெனி தீவில் இருப்பதால் பாலம் வேறு ஒரு தொல்லை. தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் பெருநிலப் பக்கம். 2019இலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் இல்லை, உண்மை. ஆனால் மழையிலும் காற்றிலும் 13.5 கிலோமீட்டரை ஒரு பழைய மோட்டாரில் கடந்து பாருங்கள். ஃபேக்டரி பஸ்ஸில் அப்ரண்டிஸுக்கும் இடம் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது இல்லாமல் ஒன்றும் நடக்காது. அம்மாமார் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் அல்ல, "எத்தன மணிக்கு பஸ்ஸு, யாரு கூட?" ஒரே ஒரு பெண்ணை எடுக்காதீர்கள், இரண்டு பேராக எடுங்கள். தனியாக வந்த பெண் எங்களிடம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஒன்று மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. லேத்தில் தங்கமான கை உள்ள ஒரு பையன், இங்கேயே பிறந்தவன், குடிமக்களுக்கான நீல ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லை. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரர், கல்யாணம் கோயிலோடு சரி, பதிவு செய்யவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள். எந்த மானியப் பாரத்திலும் அவன் பெயரை எழுத இடமில்லை. நேர்காணலிலேயே ஐசி நிறத்தைக் கேட்டுவிடுங்கள், ஆனால் தனியாக அழைத்துக் கேளுங்கள். நான் எல்லார் முன்னும் கேட்டேன்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு வருமான வரியில் இரட்டைக் கழிவு உண்டு என்று உங்கள் கணக்குப் பிரிவிடம் சொல்லுங்கள், காது கொடுப்பார்கள்.

அறிவிப்பை எங்கே ஒட்டினீர்கள்? கம்பெனி வாசலில் என்றால் யார் பார்ப்பார்கள்? தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்திடம் கொடுங்கள், கோயில் அன்னதானத்தில் நின்று பேசுங்கள். பேசும்போது அவர்கள் தமிழைத் திருத்தாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்த நம்மை 'ஊர்க்காரன்' என்று அவர்கள் சொல்வதில் பாதி பாசம், பாதி எச்சரிக்கை.

திங்கட்கிழமை எச்ஆரிடம் லெவிக் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். எத்தனை பேர் எடுக்கலாம், பஸ்ஸுக்கு எவ்வளவு கேட்கலாம் என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.