துப்பறியும் நாவல் தலைப்புகளை ராமநாதபுரம் கரைக்கு ஏற்றபடி கேலியாக மாற்றுவது எப்படி?

மூலத் தலைப்பின் கெத்து குறையக் கூடாது. விஷயம் மட்டும் சப்பென்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

அகதா கிறிஸ்டியின் 1934 நாவல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் நடக்கும் கொலை. இங்கே 'சேது எக்ஸ்பிரஸில் கொசுக்கொலை' என்று வையுங்கள். பெட்டியில் உள்ள அத்தனை பேர் கையிலும் ரத்தம், யாரைப் பிடிப்பது? (மூலத்தைப் படித்தவர்கள் இந்த இடத்தில் கூடுதலாகச் சிரிப்பார்கள்.)

கோனன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய் எனக்குப் பிடித்தது. அதில் பிணத்தருகே ராட்சத நாயின் காலடித் தடம். நம்மூரில் 'கருவாட்டுக் களத்து நாய்'. விரித்த வலைமேல் காய்ந்த சீலாவில் ஒன்றைக் காணோம். ஈர மணலில் நான்கு கால் தடம் தோணிக்கு அடியில் போய் முடிகிறது. ஹோம்ஸ் வருவதற்குள் கருவாட்டுக்கார அக்கா துடைப்பத்தோடு கேஸை முடித்துவிடுவார்.

கிறிஸ்டியின் 1937 நாவல் 'நைல் நதியில் மரணம்'. அதை வைகைக்கு மாற்றலாம்தான், ஆனால் ராமநாதபுரம் பக்கம் பல மாதம் ஆற்றில் மணல்தானே கிடக்கிறது! சரி, 'கடைசியில் ஒருவரும் இல்லை' என்ற பொருளில் வரும் அவருடைய இன்னொரு நாவலின் தலைப்பு? 'அப்புறம் ஒரு மீனும் இல்லை'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வெளியிடுங்கள்.